முதலிடம் யாருக்கு?

10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு

எங்கள் பள்ளியில் நடைபெற்ற கேளிக்கைச் சந்தையில் எங்கள் வகுப்பு சுண்டல் கடை போட்டது பலருக்கும் நினைவிருக்கும். அன்று மாலை எங்களுக்குள் எழுந்த சண்டை சிலருக்கே தெரியும். அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் இக்கட்டுரை.

நாங்கள் நாற்பத்திரண்டு பேர். ஆளுக்கு ரூ.50 போட்டு ரூ.2,100 முதல் சேர்த்தோம். கடலை, தேங்காய், எண்ணெய், பொட்டலத் தாள் எல்லாம் அந்தப் பணத்திலேயே வாங்கினோம். பொட்டலம் ரூ.10 வீதம் 350 பொட்டலம் விற்றால் ரூ.3,500 கிடைக்கும், முதல் போக ரூ.1,400 நிற்கும்; அதைக் கொண்டு முதியோர் இல்லத்திற்கு ஐந்து கம்பளிப் போர்வைகள் வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். காலையில் விற்பனை சுறுசுறுப்பாக நடந்தது. மாலை மூன்று மணிக்கு இரண்டாவது அண்டாவைத் திறந்து எட்டுப் பொட்டலம் விற்ற பிறகுதான், பொட்டலம் மடித்த ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். தேங்காய் போட்டு மூடி வைத்த சுண்டல் வெயிலில் ஊசிப்போயிருந்தது. அடியில் லேசாக நூல்கூட விட்டிருந்தது.

"மேலாக எடுத்து விற்றுவிடலாம், யாருக்குத் தெரியும்? ஏழைகளுக்குப் போகிற பணம்தானே!" என்றனர் பாதிப் பேர். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இதை எழுதும் எங்களில் சிலரும் அந்தப் பாதியில் இருந்தோம். எங்கள் வகுப்புத் தலைவி ஒன்றும் பேசாமல் அண்டாவை மூடினாள். நேரே ஒலிபெருக்கி இருந்த மேடைக்குப் போய், சற்று முன் எங்கள் கடையில் சுண்டல் வாங்கியவர்கள் அதை உண்ணாமல் திருப்பித் தருமாறு கேட்டுக்கொண்டாள். எல்லார் முன்னிலும் எங்கள் வகுப்பின் மானம் போயிற்று என்று நாங்கள் குமுறினோம். ஐந்து பொட்டலங்கள் திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மூன்று வரவில்லை. அவற்றை வாங்கியவர்கள் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள்.

மறுநாளும் சண்டை ஓயாததால், பொறுப்பிலிருந்த சிஸ்டரிடம் போய், "தலைவி செய்தது சரியா?" என்று கேட்டோம். சிஸ்டர் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. "பெரிய பெரிய கம்பெனிகளை நடத்துகிறவர்களுக்கும் இதே கேள்விதான் வருகிறது. நூல்நிலையத்திற்குப் போய்ப் படியுங்கள். படித்ததை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். சுண்டலுக்கும் கம்பெனிக்கும் என்ன உறவு என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை.

நிர்வாகி என்பவர் செய்யும் வேலை என்ன? இதை முதன்முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி ஃபயோல் என்னும் பிரெஞ்சுக்காரர். சுரங்கப் பொறியாளரான இவர், 1888-இல் நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, அதை நிமிர்த்தி நிறுத்தியவர். தம் அனுபவத்தை 1916-இல் வெளியிட்டார். வருவதை முன்கூட்டியே எண்ணித் திட்டமிடுதல், ஆளும் பொருளும் திரட்டி அமைத்தல், ஆணையிடுதல், பலருடைய வேலையை ஒன்றோடொன்று இசைவித்தல், சொன்னபடி நடக்கிறதா என்று கண்காணித்தல் ஆகிய ஐந்துமே நிர்வாகம் என்றார். நம் வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கும்போது பந்தி, பாத்திரம், பலகாரம், விருந்தாளி எல்லாவற்றையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு ஓடும் பெரியம்மாவும் இந்த ஐந்தையும்தான் செய்கிறார்கள்! அவர்களுக்கு யாரும் நிர்வாகி என்று பெயர் வைப்பதில்லை, அவ்வளவே.

ஆனால் ஃபயோல் சொன்ன ஐந்தும் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை. எதற்காக, யாருக்காகச் செய்வது என்பது வேறு கேள்வி. அண்டாவைச் சுமப்பது, பொட்டலம் மடிப்பது, சில்லறை எண்ணுவது ஆகியவற்றில் எங்கள் வகுப்பிலும் சண்டை இல்லை. அவை ஒழுங்காகவே நடந்தன. அண்டா ஊசிப்போன பிறகுதான் சண்டை வந்தது. ஆகவே வேலையை ஒழுங்காக நடத்துகிறவர் நிர்வாகி என்றும், எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாத வேளையில் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று சொல்கிறவர் தலைவர் என்றும் நாங்கள் பிரித்துக்கொண்டோம். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆளாகத்தான் இருக்கிறார்கள்.

இந்த 'எதற்காக' என்னும் கேள்விக்கு அறிஞர்கள் ஒரே விடை சொல்லவில்லை. வாடிக்கையாளரை உண்டாக்குவதே வாணிபத்தின் நோக்கம் என்று 1954-இல் எழுதினார் பீட்டர் டிரக்கர். நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையோ வேறு விதமாகப் பேசுகிறது. மேலாளர் பங்குதாரர்களின் ஊழியர். அவர் கையிலிருப்பது பிறர் பணம். சட்டத்துக்கு உட்பட்டு, வஞ்சகம் இல்லாமல் இலாபத்தைப் பெருக்கித் தருவதே அவர் கடமை. ஊருக்கு நல்லது செய்ய விரும்பினால் தம் சொந்தப் பணத்தில் செய்யட்டும் என்பது அவர் வாதம்.

இதைப் படித்தவுடன் "என்ன கல்மனம்!" என்று சொல்லத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஆனால் எங்களுள் ஒருத்தி, "என் பாட்டி, தாத்தாவின் ஓய்வுப் பணத்தைப் பங்குகளில்தான் போட்டு வைத்திருக்கிறார். அதை மேலாளர் தாராளமாக வாரி வழங்கினால் பாட்டிக்கு மருந்து யார் வாங்கிக் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். எங்களுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. பங்குதாரர் என்றால் பெரிய பணக்காரர் மட்டுமல்லர் என்பது அதுவரை எங்கள் மனத்தில் படவேயில்லை. மேலும், வஞ்சகம் கூடாது என்று ஃபிரீட்மனும்தான் சொல்கிறார். ஊசின சுண்டலை மேலாக எடுத்து விற்பதை அவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இனி, சிஸ்டர் குறிப்பாகப் படிக்கச் சொன்ன நிகழ்ச்சிக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஜான்சன் அண்டு ஜான்சன் என்னும் நிறுவனம் டைலனால் என்ற பெயரில் வலி மருந்து விற்றுவந்தது. நாம் பாராசிட்டமால் என்று வாங்குகிறோமே, அதே மருந்துதான். அது மாத்திரையாகவும், இரண்டு மூடிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய கேப்சூலாகவும் வந்தது. 1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ நகரிலும் அதைச் சுற்றிலும் ஏழு பேர் திடீர் திடீரென்று இறந்தனர். அவர்களுள் ஒருத்தி பன்னிரண்டு வயதுச் சிறுமி. சளி பிடித்ததற்காக அவள் மருந்து சாப்பிட்டிருந்தாள். ஒரே வீட்டில் ஒருவர் இறக்க, துக்கத்தில் தலைவலி என்று அதே புட்டியிலிருந்து எடுத்து விழுங்கிய அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் இறந்தனர். கேப்சூல்களைத் திறந்து யாரோ சயனைடு நஞ்சை நிரப்பிக் கடை அலமாரிகளில் திரும்ப வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் நடந்த தவறன்று, கடைக்கு வந்த பிறகு நடந்த கொடுமை என்றே விசாரணையாளர் முடிவுக்கு வந்தனர்.

"எங்கள் மேல் குற்றமில்லை" என்று நிறுவனம் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிராது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பர்க். முதலில் குறிப்பிட்ட தொகுதி எண்களை மட்டுமே திரும்பப் பெற்றார்கள். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சிலர் எழுதுவது சரியன்று. ஆனால் ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 5-இல், நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற முடிவு செய்தனர். அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். டைலனால் கேப்சூலை உண்ண வேண்டாம் என்று தங்கள் பொருளுக்கு எதிராகத் தாங்களே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தனர். வீட்டில் கேப்சூல் வைத்திருந்தவர்களுக்கு அதற்குப் பதிலாக மாத்திரை கொடுத்தனர்.

அமெரிக்காவில் விற்ற அவ்வகை வலி மருந்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டைலனாலாக இருந்தது. சில வாரங்களில் அது நூற்றுக்கு எட்டு அளவுக்குச் சரிந்தது. இனி அந்தப் பெயரில் எதுவும் விற்க முடியாது என்று சொன்னவர்கள் உண்டு. எனினும் நவம்பரிலேயே, பெட்டியை ஒட்டி, மூடிக்கு மேல் உறை போட்டு, புட்டியின் வாயையும் தாளால் மூடி, மூன்று காப்புகளோடு மருந்து மீண்டும் கடைக்கு வந்தது. ஏறக்குறைய ஓராண்டில் இழந்த இடத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. இன்று நாம் மருந்துப் புட்டியைத் திறக்கும்போது 'உறை கிழிந்திருந்தால் உபயோகிக்காதீர்' என்று காண்கிறோமே, அத்தகைய காப்புகள் உலகில் பரவியதற்கு இந்தத் துயரம் ஒரு பெரிய காரணம். கொலை செய்தவன் யாரென்று இன்றுவரை உறுதிப்படவில்லை. 1986-இல் நியூயார்க் பகுதியில் மேலும் ஒரு பெண் இவ்விதமே இறந்தபோது, மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் கேப்சூல்களையே அந்நிறுவனம் கைவிட்டது.

பர்க் அவ்வளவு விரைவில் முடிவெடுத்தது எப்படி? அந்நிறுவனத்தை நடத்திய ராபர்ட் வுட் ஜான்சன் 1943-இல் ஒரே பக்கத்தில் கொள்கை அறிக்கை ஒன்றை எழுதி வைத்திருந்தார். யாருக்கு முதற் கடமை, யாருக்கு அடுத்தது என்ற வரிசை அதில் இருக்கிறது. மருத்துவர், செவிலியர், நோயாளிகள், தாய்மார் ஆகிய பொருளை உபயோகிப்போர் முதலில் வருகிறார்கள். அதன் பிறகு வேலை செய்வோர், அதன் பிறகு நிறுவனம் இருக்கும் ஊரும் சமுதாயமும். பங்குதாரர் கடைசியில். கடைசி என்றால் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று பொருளன்று. முன்னதை ஒழுங்காகச் செய்தால் அவர்களுக்கும் நியாயமான வரவு கிடைக்கும் என்பதே அவர் எண்ணம். வீட்டில் சோறு பரிமாறும் அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உண்பது போல என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். ஆனால் அம்மாவுக்குச் சில நாள் சட்டி அடியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று மற்றொருத்தி உடனே மறுத்தாள். இதுவும் யோசிக்க வேண்டியதே!

இந்நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பர்க் தம் மேலாளர்களைக் கூட்டி, இந்த அறிக்கையை உண்மையில் நம்புகிறோமா, நம்பாவிட்டால் சுவரிலிருந்து கழற்றிவிடலாமே என்று விவாதிக்கச் செய்தாராம். எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஆபத்து வந்தபின் வரிசையைப் பற்றி விவாதிக்க நேரமிருப்பதில்லை. எங்கள் வகுப்பில் அப்படியொரு கூட்டம் முன்பே நடந்திருந்தால் அண்டாவைச் சுற்றி நின்று கத்தியிருக்க மாட்டோம்.

இத்துடன் நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் முழுமையாக இராது. அதே நிறுவனத்தின் டால்க் பவுடரால் புற்றுநோய் வந்ததாகப் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் அதை மறுத்துவந்தது. ஆயினும் டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பதை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகெங்கும் நிறுத்தியது. சுவரில் மாட்டியிருப்பது அதே அறிக்கைதான். அதைப் படிக்கும் ஆட்கள் மாறுகிறார்கள். அவர்கள் முன் வரும் கேள்விகளும் மாறுகின்றன. 2019-இல் அமெரிக்காவின் 181 பெரிய நிறுவனத் தலைவர்கள், இனிப் பங்குதாரருக்கு மட்டுமின்றி வாடிக்கையாளர், ஊழியர், ஊர் என எல்லோருக்கும் கடமைப்பட்டுள்ளோம் என்று கையெழுத்திட்டனர். அதையும் சற்றுப் பொறுத்திருந்து பார்ப்பதே நல்லது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பங்குதாரரும் உழைப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதால்தானே இந்தத் தொல்லை? இருவரும் ஒருவராகவே இருந்தால்? இக்கேள்விக்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது.

குஜராத்தில் கேடா மாவட்டத்து உழவர்கள் பம்பாய்க்குப் பால் அனுப்பி வந்தனர். போல்சன் என்னும் தனியார் நிறுவனத்தின் வழியாகத்தான் அனுப்ப முடியும். விலை வைப்பது இடையிலிருந்தவர்களின் விருப்பம். சர்தார் படேலின் அறிவுரையின்படி உழவர்கள் 1946-இல் பால் கொடுக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பயனாகத் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதுவே பின்னாளில் நாமெல்லோரும் அறிந்த அமுல். தொடக்கத்தில் இரண்டே கிராமங்கள். நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால்.

இச்சங்கத்துக்கு மேலாளராக வாய்த்தவர் டாக்டர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் 1921-இல் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அரசாங்க உதவியில் அமெரிக்கா சென்று படித்ததற்கு ஈடாக, 1949-இல் ஆனந்த் என்னும் சிற்றூரின் அரசுப் பால்பண்ணைக்கு வேண்டா வெறுப்பாகத்தான் வந்து சேர்ந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டவிருந்தவரைத் திரிபுவன்தாஸ் தடுத்து நிறுத்தினார். கொஞ்ச நாள் என்று தங்கியவர், 2012-இல் மறையும் வரை அந்த ஊர்க்காரராகவே இருந்துவிட்டார்.

அங்கே அவருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். எருமை கோடையில் தருவதைவிடக் குளிர்காலத்தில் மிகுதியாகப் பால் தரும். பம்பாய்க்கு வேண்டியதோ எப்போதும் ஒரே அளவு. மிஞ்சும் பாலை என்ன செய்வது? இலாபத்தை மட்டும் பார்க்கும் மேலாளராக இருந்தால், "இம்மாதம் உங்கள் பால் வேண்டாம்" என்று உழவரைத் திருப்பியனுப்புவதே எளிது. ஆனால் அங்கு முதலாளியே அந்த உழவர்தான்! முதலாளியின் பாலை ஊழியர் எப்படி மறுப்பது? ஆகவே மிஞ்சிய பாலைப் பவுடராக்கத் திட்டமிட்டார்கள். எருமைப் பாலிலிருந்து பவுடர் செய்ய முடியாது என்றனர் வெளிநாட்டு வல்லுநர்கள். குரியனின் நண்பரும் பால் தொழில் நிபுணருமான எச். எம். தலாயா அதைச் செய்துகாட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று அந்த ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

முதலிடம் யாருக்கு என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டதால் ஒரு புதிய தொழிலே பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பாலை மறுக்கலாம் என்ற வழி திறந்திருந்தால் பவுடர் ஆலைக்கு அவ்வளவு அவசரம் வந்திராது.

அச்சங்கத்தில் ஓர் எருமை வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. காலையும் மாலையும் வரிசையில் நின்று பால் ஊற்ற வேண்டும். முன்பின் சாதி பார்த்து நிற்க இடமில்லை. கொழுப்புச் சத்தை அளந்து, அதற்கேற்ப விலை. 1964-இல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்தபோது கிராமத்து உழவர் வீட்டிலேயே ஓரிரவு தங்கி, இது எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். நாடெங்கும் இதைப் பரப்ப வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தால் 1965-இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. அதன் தலைவராக இசைந்த குரியன், அலுவலகம் டில்லியில் அன்று, ஆனந்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். உழவர்களை விட்டுத் தொலைவில் உட்கார்ந்தால் யாருக்காக வேலை செய்கிறோம் என்பது மறந்துபோகும் அல்லவா? தாம் உழவர்களின் ஊழியர் என்றே அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டார். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் பயனாக, 1990களின் இறுதியில் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் பெற்றது.

பெண்கள் பள்ளி மலரில் எழுதிக்கொண்டு லிஜ்ஜத் அப்பளத்தை விட்டுவிட முடியுமா? பம்பாய் கிர்காமில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள், ரூ.80 கடன் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கே பாக்கெட். சகன்பாபா என்று அழைக்கப்பட்ட பெரியவர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டினார். தொடக்கத்தில் நல்லது ஒன்றும் விலை குறைந்தது ஒன்றுமாக இரண்டு வகை செய்தனர். தரம் குறைந்ததைச் செய்யவே வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். நன்கொடை வாங்குவதில்லை என்பதும் அவர்கள் அன்றே செய்த முடிவு. முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டிக் காய வைத்தார்களாம்! முதல் ஆண்டு விற்பனை ரூ.6,196. இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள். காலையில் நிலையத்துக்குச் சென்று பிசைந்த மாவை வாங்கி வந்து, வீட்டில் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு இட்டு, மறுநாள் கொடுத்துவிட்டுக் கூலி பெறுகிறார்கள். இலாபமும் நஷ்டமும் அவர்களுக்கே. அந்த எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் பொபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு மீண்டும் எங்கள் அண்டாவுக்கு வந்தோம். எங்கள் கடையில் முதல் போட்டவர்கள் நாங்கள், உழைத்தவர்களும் நாங்கள், பணம் போகவேண்டியது முதியோர் இல்லத்துக்கு. உண்பவர்கள் மட்டும் வேறு ஆட்கள், அதிலும் சிறு குழந்தைகள். இதை எழுதுகிற எங்களுள் பெரும்பாலோர் இப்போது தலைவியின் பக்கம். ஆனால் மூவர் இன்னும் ஒப்பவில்லை. கொட்டியது சரிதான், ஒலிபெருக்கியில் சொல்லாமல் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டிருக்கலாம் என்பது அவர்கள் கட்சி. அதற்குள் குழந்தைகள் உண்டிருக்க மாட்டார்களா என்று தலைவி கேட்கிறாள். இந்தச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.

அன்று முதல் போக எங்கள் கையில் நின்றது ரூ.530. போர்வை ஒன்று ரூ.250 வீதம் இரண்டே வாங்க முடிந்தது. மீதி ரூ.30 உண்டியலில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் அவற்றை வாங்கிக்கொண்ட பாட்டியரிடம் ஐந்து கொண்டுவருவதாக இருந்தோம் என்று நாங்கள் சொல்லவில்லை.

சந்தைக்கு அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நாங்கள் யாரும் முன்னே பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பு வரிசையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் வந்திருந்தனர். மூன்றாவது குழந்தை மணி அடித்த பிறகு, தலை பின்னாமல், ஓடிவந்து வரிசையில் நின்றாள். இடைவேளையில் தலைவி அவளிடம் போய், "சுண்டல் சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். "புளிச்சுது அக்கா, காக்காய்க்குப் போட்டுட்டேன்" என்றாள் அவள். அவளுடைய பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, மற்ற இருவருக்கும் இல்லையா என்று கேட்டாள். அவர்களையும் தேடிப் போனோம்.